இடைவெளிக்குப் பிறகு கார்: குறைந்த செலவில் இன்ஷூரன்ஸ்

பல வருடம் கார் ஓட்டாமல் இருந்துவிட்டு மறுபடி இன்ஷூரன்ஸ் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "இத்தனை வருஷம் ஓட்டலையே, அதுக்காகப் பிரீமியம் ஏத்திப் போடுவாங்களா?" லண்டனிலோ நியூ ஜெர்சியிலோ இருந்து திரும்பியவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானது. அங்கெல்லாம் ஓட்டுபவரின் வயது, அனுபவம், கடைசியாக எப்போது பாலிசி வைத்திருந்தார் என்பதையெல்லாம் அலசித்தான் விலை சொல்வார்கள். இந்தியாவில் சொந்த உபயோகக் காருக்குப் பிரீமியம் போடுவது பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான். என்ன மாடல், எத்தனை சி.சி., வாங்கி எத்தனை வருடம், எந்த ஊரில் பதிவானது, இவைதான் கணக்கு. ஸ்டியரிங் பிடிப்பவர் நேற்றுவரை ஓட்டினாரா, எட்டு வருடத்துக்கு முன் நிறுத்தினாரா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை.

ஆக, ஓட்டாமல் இருந்ததற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. அந்த வருடங்களில் காலாவதியாகிப்போன காகிதங்களுக்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். லைசென்ஸ், நோ கிளெய்ம் போனஸ், பழைய பாலிசி, ஆர்.சி. ஆகிய நான்கையும் எடுத்து மேஜைமேல் வையுங்கள். எதில் என்ன தேதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலை விசாரிக்கலாம். நேராக விலை விசாரிக்கப் போகிறவர்கள்தான் தவறான பாலிசியை மலிவாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

லைசென்ஸ் செல்லுமா?

பாலிசி வாங்கும்போது லைசென்ஸைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். பணம் கட்டினால் பாலிசி மின்னஞ்சலில் வந்துவிடும். அதனால் பலரும் லைசென்ஸ் விஷயத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்கிறார்கள். விபத்து நடந்தால் சர்வேயர் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. ஓட்டியவரிடம் அன்றைய தேதியில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் உங்கள் வண்டியின் சேதத்துக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படும். அடிபட்டவருக்கு நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தாலும், கொடுத்ததை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். பத்தாயிரம் ரூபாய் பாலிசியை மதிப்பில்லாமல் ஆக்க காலாவதியான ஒரு லைசென்ஸ் அட்டை போதும்.

2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்கு முன் லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. இப்போது அது கிடையாது. முடிந்த தேதியோடு முடிந்தது. ஆனால் புதுப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஓராண்டையும் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயதுவரை செல்லும். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால் பத்தாண்டு, 50 முதல் 55க்குள் எடுத்தால் 60 வயதுவரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டு. பழைய கணக்கில் '20 வருஷத்துக்கு எடுத்திருக்கேன்' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிய நிலை வந்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. டிரைவிங் ஸ்கூலில் சில நாள் போய்க் கை பழக்கிக்கொள்வது எப்படியும் செய்ய வேண்டிய காரியம்தான். உங்கள் காரில் பழகுவதைவிட, பக்கத்தில் இன்னொரு பிரேக் வைத்த அவர்கள் காரில் பழகுவது பர்ஸுக்கும் நல்லது.

வளைகுடாவில் பத்து வருடம் ஓட்டியவர் அங்கே எடுத்த லைசென்ஸை நம்பி இங்கே வண்டியை எடுக்க வேண்டாம். இந்திய லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு எடுங்கள்.

எது அசையும், எது அசையாது

ஃபுல் இன்ஷூரன்ஸ், ஃபர்ஸ்ட் பார்ட்டி என்றெல்லாம் நாம் சொல்லும் பாலிசிக்குள் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று தர்ட் பார்ட்டி. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இன்னொன்று ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கும் திருட்டுக்குமானது. இதை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

தர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பேரம் பேச முடியாது. அதை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சி.சி. வரையான காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1000க்கு மேல் 1500 வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. மின்சாரக் காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிட் காருக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி. தொகை மாறினால் எல்லா நிறுவனத்திலும் சேர்ந்தே மாறும். 'எங்ககிட்ட தர்ட் பார்ட்டி கம்மி' என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். போலி பாலிசிகள் பெரும்பாலும் இந்தப் பேச்சோடுதான் வரும்.

பேரத்துக்கு இடமிருப்பது ஓன் டேமேஜில்தான். 2007 ஜனவரி 1 முதல் இந்தப் பகுதிக்கான அரசு விலைக்கட்டுப்பாடு நீங்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் தள்ளுபடி தருகிறது. ஒரே வண்டிக்கு ஒரே நாளில் இரண்டு நிறுவனங்கள் சொல்லும் ஓன் டேமேஜ் தொகை பெரிய அளவில் வேறுபடுவதுண்டு. எனவே குறைந்த விலை தேடும் முயற்சி முழுவதையும் இந்தப் பகுதியில்தான் செலவிட வேண்டும். மொத்தத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கிடைத்தது. கார் இன்ஷூரன்ஸுக்கு அந்த யோகம் இல்லை.

'எப்பவாவதுதானே ஓட்டப்போறேன், தர்ட் பார்ட்டி மட்டும் போதும்' என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தர்ட் பார்ட்டி மட்டுமான பாலிசியில் உங்கள் காருக்குள் உட்கார்ந்து வரும் குடும்பத்தினருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஃபுல் பாலிசியில் உண்டு. பாலகிருஷ்ணன் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றமே இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறுபடி ஓட்டத் தொடங்கும் முதல் வருடத்தில் பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சில ஆயிரம் மிச்சமாகிறது என்று இந்தப் பாதுகாப்பை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டி பதினைந்து வயதைத் தொடுகிறது, விற்றால் அறுபதாயிரம்கூடத் தேறாது என்றால் விஷயம் வேறு. அப்போது தர்ட் பார்ட்டி எடுத்து, கூட வருபவர்களுக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நோ கிளெய்ம் போனஸ்: போய்விட்டதா, இருக்கிறதா?

இடைவெளியால் வரும் நிஜமான நஷ்டம் இங்கேதான். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் கழிந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50. அதற்கு மேல் ஏறாது. சுருக்கமாக என்.சி.பி. தர்ட் பார்ட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களுக்கும் பொதுவாக இது சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1197 சி.சி. கார். நிறுவனத்தின் தள்ளுபடியெல்லாம் போக ஓன் டேமேஜ் ரூ.6,000 என்று வைத்துக்கொள்வோம். தர்ட் பார்ட்டி ரூ.3,416. என்.சி.பி. இல்லாதவர் ஜி.எஸ்.டி.யோடு ரூ.11,111 கட்டுவார். 50 சதவீதம் வைத்திருப்பவர் ரூ.7,571 கட்டுவார். வித்தியாசம் ரூ.3,540. இது ஒரு வருடத்துக்கு.

என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமல்ல, பாலிசிதாரருக்குச் சொந்தம். இதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். வண்டியை விற்றாலும் போனஸ் உங்களோடு வரும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். விற்ற ஆதாரத்தைக் காட்டி, பழைய இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் என்.சி.பி. கடிதம் வாங்கிவைத்தால் அது மூன்றாண்டுவரை செல்லும். அதற்குள் வேறு கார் எடுத்தால் அதே சதவீதத்திலிருந்து தொடரலாம். வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் காரை விற்றவர்களில் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு. மூன்றாண்டு தாண்டாமல் இருந்தால் இப்போதும் கேட்கலாம். பழைய பாலிசி எண்ணும், பெயர் மாற்றம் நடந்ததற்கான ஆதாரமும் இருந்தால் போதும்.

வண்டியை விற்காமல், பாலிசியை மட்டும் விட்டுவிட்டவர்களுக்குக் கணக்கு கடுமை. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் என்.சி.பி. தங்கும். 91ஆம் நாள் பூஜ்யம். அந்த 90 நாளும் போனஸுக்குத்தான் சலுகை, பாதுகாப்புக்கு அல்ல. அதற்குள் விபத்து நடந்தால் ஒன்றும் கிடைக்காது.

வெளிநாட்டில் கார் ஓட்டித் திரும்பியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் தொகுப்பில் 27ஆம் பொது விதி என்.சி.பி. பற்றியது. வெளிநாட்டில் சம்பாதித்த கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஆதாரம் காட்டினால் இந்தியாவில் எடுக்கும் பாலிசியில் அந்தப் போனஸைத் தரலாம் என்று அது சொல்கிறது. அங்கே பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் இங்கே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இப்படிப்பட்ட சான்றிதழ் தருவது சாதாரண நடைமுறை. திரும்பி வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இணையத்தில் பாலிசி எடுத்தால் இதைக் காட்ட அநேகமாக இடமே இருக்காது. கிளை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். கவுன்டரில் இருப்பவர் 'அப்படியெல்லாம் இல்லை சார்' என்றால் அண்டர்ரைட்டிங் பிரிவுக்கு எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டே யுனைடெட் இந்தியா, சோழா எம்.எஸ்., ராயல் சுந்தரம் என்று மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. படியேறிக் கேட்பதற்கு ஆள் இருக்கும் இடங்கள் இவை.

இல்லாத போனஸை இருக்கிறது என்று டிக் அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். இணையத்தில் 'உங்கள் என்.சி.பி. எவ்வளவு?' என்ற கேள்விக்கு 50ஐ அழுத்தினால் விலை சட்டென்று இறங்கும், பணமும் கட்டிவிடலாம். பிற்பாடு நிறுவனம் பழைய நிறுவனத்திடம் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன் பறிபோகும். கிளெய்ம் கேட்கும் நாளில்தான் இது உங்களுக்குத் தெரியவரும். சில ஏஜென்டுகளே 'நான் பார்த்துக்கறேன் சார்' என்று இதைச் செய்துவிடுகிறார்கள். பாலிசி கைக்கு வந்ததும் என்.சி.பி. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்புக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து, ஏஜென்டுடையதல்ல.

அப்பாவின் கார்

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் இருக்கும் கார் போர்ட்டிகோவில் நிற்கிறது. பல வருடம் ஓட்டாத மகளோ மகனோ அதை எடுக்கலாம் என்று நினைக்கிறார். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி அன்றே செத்துவிடாது. மூன்று மாதம்வரை, அல்லது பாலிசியின் முடிவுத் தேதிவரை, எது முந்துகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். வண்டி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரில் ஒருவருக்குப் போனால் இறந்தவர் சம்பாதித்த என்.சி.பி.யும் கூடவே போகும். அவர் கவனமாக ஓட்டிச் சேர்த்த 50 சதவீதம் வீணாகாமல் உங்களுக்கு வரும்.

பலரும் என்ன செய்கிறார்கள்? இறந்தவர் பெயரிலேயே வருடா வருடம் இணையத்தில் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். பணம் வாங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. கிளெய்ம் வரும்போது எல்லாம் சிக்கலாகும். ஆர்.சி.யை முதலில் மாற்றுங்கள், கையோடு பாலிசியையும் மாற்றுங்கள்.

நின்றுபோன வண்டியை எழுப்புவது

இன்ஷூரன்ஸ் இல்லாமல் பல மாதம் நின்ற காரை, 'மெக்கானிக்கிட்ட காட்டிட்டு அப்புறம் இன்ஷூரன்ஸ் போடலாம்' என்று தெருவில் இறக்குவதுதான் பெரிய ஆபத்து. முதல் தடவை பிடிபட்டால் ரூ.2,000 அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் ரூ.4,000. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது குறுக்கே வந்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் சொத்திலிருந்து போகும் என்பது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லுங்கள்.

பாலிசி விட்டுப்போன காருக்கு ஓன் டேமேஜ் தருவதற்குமுன் நிறுவனம் வண்டியைப் பார்க்கும். இப்போது பெரும்பாலும் உங்கள் கைபேசியிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். பகல் வெளிச்சத்தில், வண்டியைக் கழுவிவிட்டு, நான்கு பக்கமும் கண்ணாடியும் ஓடோமீட்டரும் சேசிஸ் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். இருக்கும் கீறலையும் பள்ளத்தையும் மறைக்காதீர்கள். அவை 'முன்பே இருந்த சேதம்' என்று பதிவாகும், அவற்றுக்குப் பிற்பாடு கிளெய்ம் கிடைக்காது. அவ்வளவுதான் நஷ்டம். மறைத்துப் பிடிபட்டால் நஷ்டம் பெரிது. பரிசோதனைக்கு நாளாகும் என்றால் தர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பரிசோதனை வேண்டாம். ஓன் டேமேஜைத் தனி பாலிசியாகப் பிறகு சேர்க்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து அப்படித் தனியாக வாங்க முடிகிறது.

நின்ற வண்டிக்கு எலி ஒரு தலைவலி. ஒயரைக் கடித்துவைத்திருந்தால் செலவு ஆயிரங்களில் போகும். எலி கடித்ததற்கு எல்லாப் பாலிசியிலும் பணம் வராது. சில நிறுவனங்கள் ஆட்-ஆனாகத் தருகின்றன. பாலிசி எடுப்பதற்குமுன் கடித்ததற்கு யாரும் தரமாட்டார்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால்

இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள் பழைய கார் வாங்குவது புத்திசாலித்தனம். முதல் கீறல் புதுக் காரில் விழுவதைவிடப் பழைய காரில் விழுந்தால் மனசு தாங்கும். 'இன்ஷூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு, அப்படியே ஓட்டிக்கோங்க' என்று விற்பவர் சொல்வார். அரை உண்மைதான் அது. தர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாகவே உங்களுக்கு மாறியதாகக் கருதப்படும். ஓன் டேமேஜ் மாறாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருடைய என்.சி.பி. உங்களுக்கு வராது என்பதால் மீதிக் காலத்துக்கான அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். விலை பேசும்போதே இந்தத் தொகையையும் கழித்துப் பேசுங்கள்.

எதைக் குறைக்கலாம்

உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம்தான். ஆனால் ஒருவருக்கு ஒன்று போதும். உங்கள் ஸ்கூட்டரோடு ஏற்கெனவே எடுத்திருந்தால், அல்லது அந்த அளவுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு இருந்தால், அதைத் தெரிவித்துவிட்டு இங்கே தவிர்க்கலாம். கேட்காவிட்டால் தானாகச் சேர்த்துவிடுவார்கள்.

வாலன்டரி டிடக்டிபிள் என்று ஒன்று உண்டு. கிளெய்மில் முதல் சில ஆயிரத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் தள்ளுபடி. பழைய டாரிஃப் அட்டவணைப்படி ரூ.2,500 ஏற்றால் ஓன் டேமேஜில் 20 சதவீதம், ஆனால் ரூ.750க்கு மேல் கிடையாது. ரூ.15,000 ஏற்றால் 35 சதவீதம், உச்சவரம்பு ரூ.2,500. நம் எடுத்துக்காட்டுக் காரில் ரூ.15,000 பொறுப்பை ஏற்று வருடம் ரூ.2,100 மிச்சம். தினமும் ஓட்டிக் கைதேறியவர்களுக்கு இது லாபமாக இருக்கலாம். கை இன்னும் பழகாத முதல் வருடத்தில், பார்க்கிங் தூணில் பம்பர் உரசும் வாய்ப்பு அதிகம் இருக்கும்போது, வேண்டாம் என்பேன். கட்டாய டிடக்டிபிள் எப்படியும் இருக்கிறது, வழக்கமாக 1500 சி.சி. வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000.

எப்போதாவது ஓட்டுபவருக்கு நிஜமாகவே பொருந்துவது கிலோமீட்டர் கணக்குப் பாலிசி. ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப ஓன் டேமேஜ் பிரீமியம் அமையும் ஆட்-ஆன்களுக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. வாரக் கடைசியில் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் மட்டும் எடுப்பவர் குறைந்த தூரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தூரம் தீர்ந்தபின் என்ன ஆகும், இடையில் கூட்டிக்கொள்ள முடியுமா என்பதை மட்டும் வாங்குமுன் கேளுங்கள். ஊருக்கு ஒரு தடவை போய்வந்தாலே சென்னை–நாகர்கோவில் தூரம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தின்றுவிடும்.

ஜீரோ டெப், நம் ஊர் பேச்சில் பம்பர் டு பம்பர். சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள், இந்த ஆட்-ஆன் இருந்தால் அப்படிக் கழிக்க மாட்டார்கள். இன்றைய கார்களில் முதலில் அடிவாங்கும் பம்பரே பிளாஸ்டிக். ஐந்து வயதுக்கு உட்பட்ட காரென்றால் முதல் ஓரிரு வருடத்துக்கு இதை எடுக்கச் சொல்வேன். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனை விட வேண்டாம். தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்து என்ஜின் பழுதானால் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நிற்பது சும்மா இல்லை. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் விலை குறைவு, நின்று எழுந்த வண்டிக்கு உபயோகம் அதிகம். சாவி தொலைந்தால், பொருள் தொலைந்தால் என்ற ரக ஆட்-ஆன்களை எடுத்துவிடுங்கள்.

ஐ.டி.வி.யைக் குறைத்து விலையைக் குறைப்பது பழைய தந்திரம். ஐ.டி.வி. என்பது வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ கிடைக்கும் உச்சத் தொகை. ஐந்து லட்சத்துக்குப் பதில் மூன்றரை லட்சம் என்று போட்டுவிட்டு 'பாருங்க, நம்ம விலை கம்மி' என்பார்கள். இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது ஐ.டி.வி., ஆட்-ஆன், என்.சி.பி. மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பாருங்கள். ஷோரூம் தரும் தாளும் ஒரு கொட்டேஷன்தான். அங்கேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கிளெய்ம் போடலாமா?

சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் என்.சி.பி. போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு போகும் என்று யாரும் சொல்வதில்லை. 50 சதவீதம் வைத்திருப்பவர் ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50க்கு வருவார். அந்த ஐந்து வருடத்திலும் இழப்பதைக் கூட்டினால் ஓர் ஆண்டு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். நம் கணக்கில் ரூ.7,500. வண்டி வயதாக ஆகப் பிரீமியம் குறையும் என்பதால் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

பூஜ்யத்தில் தொடங்கும் உங்களுக்கு அந்தக் கணக்கு வேறு. முதல் வருடம் கிளெய்ம் போட்டால் ஏணியில் ஒரு படி தாமதம், அவ்வளவே. 20, 5, 10, 10, 5 என்று கூட்டினால் 50 சதவீதம், அதாவது ரூ.3,000. கட்டாய டிடக்டிபிள் ஆயிரத்தையும் சேர்த்தால் நாலாயிரம். டிங்கரிங், பெயிண்டிங் செலவு அதற்குள் முடிந்தால் கைக்காசு போடுங்கள். எட்டாயிரம், பத்தாயிரம் என்றால் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'போடாதீங்க, போனஸ் போயிடும்' என்பார். அவர் 50இல் இருக்கிறார், நீங்கள் பூஜ்யத்தில் இருக்கிறீர்கள்.

கிளெய்மைக் காரணமில்லாமல் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ரூ.50 லட்சம்வரையான நஷ்டஈட்டை அவர் வழங்க முடியும். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.